தெற்குத் தெருவும் ஒரு நட்சத்திரக் குறியும்

இன்று நம் கடையில் கம்ப்யூட்டருக்கு ஸ்க்ரிப்ட் எழுதுகிறவர்கள் நீங்கள். அதற்கு முதலில் எதைக் கொடுக்க வேண்டும், இரண்டாவதாக எதைக் கொடுக்க வேண்டும், கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை எல்லாம் நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள். நான் அந்தப் பக்கத்து ஆள் இல்லை. வேறு ஒருவர் எழுதிவைத்ததைக் கறுப்புத் திரையில் அடித்து ஓட்டியவன். எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் சொல்வதும் உங்களுக்கு உதவும் என்று நினைத்துத்தான் எழுத ஒப்புக்கொண்டேன். நேரில் பேசச் சொல்லியிருந்தால் வந்திருக்க மாட்டேன். நாலு பேர் ஒரே நேரத்தில் என் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சு நின்றுவிடும். அது உங்களுக்கே தெரியும்.

நான் படித்தது கீரப்பாளையத்தில், ஐந்தாவது வரைக்கும். அதற்குப் பிறகு சிதம்பரம் மேல வீதியில் இருந்த கலர் லேபில் இருட்டறை வேலைக்குச் சேர்ந்தேன். இங்கிலீஷ் எழுத்துகளை ஃபிலிம் டப்பாக்களிலும் கெமிக்கல் அட்டைப் பெட்டிகளிலும் பார்த்துப் பழகிக்கொண்டேன். வார்த்தையாகப் படிக்க வராது. எழுத்து எழுத்தாகத் தெரியும். கம்ப்யூட்டர் கீபோர்டுக்கு அது போதுமானதாக இருந்தது.

டிஜிட்டல் கேமரா வந்தபோது லேபில் இருந்த கெமிக்கல் தொட்டிகளை மாடியில் ஏற்றிவிட்டு, அந்த இடத்தில் முதலாளி ஒரு கம்ப்யூட்டரை வைத்தார். அதைச் சரிபண்ணிக் கொடுக்கக் கடலூரிலிருந்து ஒரு பெண் வந்தார். திருப்பாப்புலியூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவர். படித்து முடித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். எனக்கோ அப்போதே நாற்பது தாண்டிவிட்டது. ஆனாலும் கடையில் எல்லோரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டோம், நான் உட்பட. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்ஸில் வருவார். அடையாள அட்டை போடுவதற்காகப் பெர்ல் என்ற மொழியில் ஒரு ஸ்க்ரிப்ட் எழுதித் தந்தார். பெயர்ப் பட்டியலையும் படங்களையும் கொடுத்தால் அது ஒவ்வொரு பெயருக்கும் ஒரு படத்தைப் பொருத்தி, கார்டு கார்டாக ஒரு ஃபோல்டரில் வைத்துவிடும்.

நீங்கள் ஆர்கியூமென்ட் என்று சொல்வதை அவர் எனக்கு விளக்கியது இப்படி.

"அண்ணே, மொத வார்த்த ஆளோட பேரு. நீங்க கூப்புடுறீங்க, அவன் வந்து நிக்கிறான். அதுக்கப்புறம் நீங்க அடிக்கிறதெல்லாம் அவன் கையில குடுக்கற சாமான். மொத சாமான், பேரு இருக்கற ஃபைல். ரெண்டாவது, கார்ட எங்க கொண்டு போயி வைக்கணும்கிற எடம். மூணாவதுலேர்ந்து எல்லாம் படம். அவனுக்கு யாரு மொகமும் தெரியாது. வரிசை மட்டுந்தான் தெரியும்."

"மாத்திக் குடுத்துட்டா டீச்சர்?"

"மாத்திதான் செய்வான். அப்ப அவனத் திட்டக் கூடாது."

பெரிய மனிதர்கள் பலர் எனக்கு வேலை சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கேட்ட கேள்விக்குச் சிரிக்காமல் பதில் சொன்னவர் அவர் ஒருவர்தான். அந்த ஞாயிற்றுக்கிழமைகளை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். தெருவில் கூட்டம் இருக்காது. பாதி ஷட்டர் இறக்கியிருக்கும். நான் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடிப்பேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டே, நான் அடித்து முடிக்கும்வரை அவசரப்படாமல் காத்திருப்பார். திரையில் வரிசையாக எழுத்து ஓடி, கார்டுகள் ஃபோல்டரில் வந்து விழும்போது, இருட்டறையில் தட்டுக்குள் படம் மெல்ல எழும்பி வருமே, அதைப் பார்த்த மாதிரியே இருக்கும்.

இனி நான் சொல்ல வந்தது.

சுனாமி அலை வந்து இரண்டு வருஷம் கழித்து, பரங்கிப்பேட்டைப் பக்கத்துக் குப்பம் ஒன்றில் ஒரு தொண்டு நிறுவனம் வீடு கட்டிக் கொடுத்தது. வடக்குத் தெரு, தெற்குத் தெரு என்று இரண்டு தெரு. வீட்டுக்கு ஒரு கார்டு. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து நிற்கும் படம், கீழே பெயர், வீட்டு எண். கார்டைக் காட்டித்தான் சாவி வாங்க வேண்டும். கார்டு போடும் வேலை எங்கள் லேபுக்கு வந்தது.

பட்டியல் வரிசைப்படி கூப்பிட்டுப் படம் எடுத்தவர் கடலூர் முதுநகர்க்காரர். எல்லோருக்கும் அவர் மாமா. பழைய ஃப்ளாஷ் காலத்து ஆள். முதல் வெளிச்சத்தை நம்பக் கூடாது என்பது அவர் கொள்கை. எங்கே கேமராவை நிறுத்தினாலும் முதலில் வந்து நிற்பவர்களை இரண்டு தடவை எடுப்பார். முதல் படம் நன்றாகவே வந்திருந்தாலும் இரண்டாவதும் எடுப்பார். பல வருஷமாக அவர் ரோல்களைக் கழுவிப் பிரிண்ட் போட்டவன் நான். அந்த இரட்டையில் ஒன்றை விட்டுவிட்டுத் தாண்டுவது என் கண்ணுக்குப் பழகிப்போனது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று தோன்றியதும் இல்லை. தொழிலில் இப்படித்தான் பல விஷயங்கள் ஒருவர் கண்ணிலேயே தங்கிவிடுகின்றன.

வடக்குத் தெரு கார்டுகளை நான் ஓட்டினேன். ஒவ்வொரு படத்தின் எண்ணையும் கையால் அடித்துக் கொடுப்பது என் வழக்கம். நேரம் ஆகும், ஆனால் இரட்டைப் படம் தானாக விடுபட்டுவிடும். தெற்குத் தெருவை ஓட்ட வேண்டிய அன்று என் மச்சினன் வீட்டில் காது குத்து. நான் லீவு. சாவி கொடுக்கும் விழா மறுநாள் சாயங்காலம் என்பதால் முதலாளி காத்திருக்க முடியாமல் டீச்சருக்குப் போன் போட்டிருக்கிறார். இத்தனை எண்ணையும் அடிக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். படம் எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருந்தால் கடைசியில் ஒரு நட்சத்திரக் குறி போதும் என்று அவர் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதில் தப்பில்லை. நட்சத்திரம் போட்டால் ஸ்க்ரிப்ட் கைக்கு நட்சத்திரம் போய்ச் சேராது. அதற்கு முன்பே மெஷின் அதை விரித்து, ஃபோல்டரில் இருக்கும் படங்கள் எல்லாவற்றின் பெயரையும் வரிசையாக அடுக்கிக் கொடுத்துவிடும். எல்லாவற்றையும் என்றால் இரட்டையையும் சேர்த்துத்தான்.

முதலாளி ஓட்டினார். கார்டு வந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் ஜோடி ஜோடியாக நன்றாகவே இருந்தது. லேமினேஷன் போட்டு, காலை முதல் பஸ்ஸில் இரண்டு தெருவின் கார்டுக் கட்டுகளையும் குப்பத்துக்கு அனுப்பிவிட்டார். அங்கே ஊர்ப் பெரியவர்கள் மேல் கட்டில் இருந்த வடக்குத் தெரு கார்டுகளை மட்டும் புரட்டிப் பார்த்துத் திருப்தியாகிவிட்டார்கள்.

நான் கடைக்கு வந்து கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, ஒரு அம்மா உள்ளே வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கருவாடு விற்கிறவர் என்று பிற்பாடு தெரிந்தது. கையிலிருந்த கார்டை முதலாளி முன்னால் வைத்தார்.

"இது யாரு?"

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "அஞ்சலைன்னு போட்டிருக்கு. நீங்கதான?"

"பேரு என்னுது. மூஞ்சி?"

முதலாளி மறுபடியும் பார்த்தார். கார்டில் ஒரு ஆளும் அவன் பெண்டாட்டியும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"அவன் என் கொழுந்தன் குமாரு. பக்கத்துல நிக்கிறது என் ஓரவத்தி. என் வூட்டுக்கு அவன் மூஞ்சிய ஒட்டிக் குடுத்திருக்கீங்க. யாரு சொல்லி செஞ்சீங்க?"

அந்தக் கேள்விக்குப் பின்னால் இருந்ததை அவரே சொன்னார். புருஷனை அலை கொண்டுபோய்விட்டது. தனியாக இருக்கும் பெண்ணுக்குத் தனி வீடு எதற்கு, கொழுந்தன் வீட்டோடு இருக்கட்டும் என்று ஊர்க் கூட்டத்தில் பேசியிருக்கிறார்கள். கொழுந்தனும் அதற்குத் தலையாட்டியிருக்கிறான். அஞ்சலை விடவில்லை. தொண்டு நிறுவனத்து ஆட்கள் வரும்போதெல்லாம் போய் நின்று, கடைசியில் பட்டியலில் தன் பெயரைத் தனியாக எழுத வைத்துவிட்டார். பட்டியலில் கொழுந்தன் பெயருக்கு அடுத்த பெயர் அவருடையது. கட்டைப் பிரித்து முதலில் தன் கார்டைத் தேடிப் பார்த்திருக்கிறார். பார்த்ததும் எடுத்துக்கொண்டு சிதம்பரத்துக்கு பஸ் ஏறிவிட்டார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் பைக் ஒன்று வந்து நின்றது. அந்தக் கொழுந்தன் குமாரும், தொண்டு நிறுவனத்து இளைஞர் ஒருவரும் இறங்கினார்கள். விழாவுக்குப் பொறுப்பு அந்த இளைஞர்தான். சட்டை முழுக்க வியர்வை.

"அண்ணி, சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றான் குமார்.

"உனக்குத் தெரியாம உன் மூஞ்சி நடந்து வந்து என் கார்டுல ஏறிக்கிச்சா?"

"நான் இந்தக் கடைய இன்னைக்கிதான் பாக்கறேன்."

"கடையப் பாக்கல. கடைக்காரரப் பாத்திருப்ப."

இளைஞர் நடுவில் வந்தார். "அக்கா, இருங்க. நாலு மணிக்கி வெளியூர்லேர்ந்து ஆளுங்க வராங்க. சண்ட வேணாம். இந்த ஒரு சாவிய மட்டும் நிறுத்தி வைப்போம். என்ன ஏதுன்னு விசாரிச்சிட்டு அப்புறமா குடுத்துக்கலாம்."

"அப்புறம்னா எப்ப?"

"ஒரு வாரம், பத்து நாளு."

"தம்பி, இன்னைக்கி எல்லாரும் சாவி வாங்கிட்டுக் கதவத் தொறப்பாங்க. எனுது மட்டும் பூட்டிக் கெடக்கும். பத்து நாளுல அந்தப் பூட்டுக்கு எத்தினி பேரு சொந்தக்காரன் வருவான்னு உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

முதலாளி கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினார். அவர் கெட்டவர் இல்லை, அவசரக்காரர். "நிறுத்தவும் வேணாம், விசாரிக்கவும் வேணாம். இந்தம்மா படத்த எடுத்து அவுங்க பேருல புதுசா ஒரு கார்டு போட்டுத் தரேன். பத்து நிமிசம். ஆளுக்கு ஒரு டீ சாப்புடுங்க, முடிஞ்சிரும்."

எல்லோருக்கும் அது பிடித்திருந்தது. அஞ்சலைக்குக்கூட. எனக்கு மட்டும் பிடிக்கவில்லை. குமார் படம் அஞ்சலை பெயரில் போய் உட்கார்ந்திருக்கிறது என்றால், அஞ்சலை படம் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது? நகர்ந்தது ஒரு படமாக இருக்க முடியாது. வரிசையில் ஒன்று நகர்ந்தால் பின்னால் இருப்பதெல்லாம் நகரும்.

இதைச் சொல்ல வேண்டும். எதிரில் நாலு பேர். நான் அவர்களைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "மொதலாளி, இவுங்க ஒருத்தருக்கு மட்டும் தப்பாயிருக்காது."

"வேலையப் பாரு" என்றார்.

நான் வேலையைத்தான் பார்த்தேன். அஞ்சலைக்கு அடுத்த கார்டைத் திரையில் திறந்தேன். ஏழுமலை என்று பெயர். படத்தில் அஞ்சலை தனியாக நின்றார்.

அஞ்சலை எட்டிப் பார்த்தார். "இப்ப நான் ஏழுமலை வூட்டுக்காரியா? அவன் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா என்னைச் செதில் சீவிப் போட்டுருவா."

குமார் சிரித்துவிட்டான். நான் அவன் கார்டையும் திறந்தேன். அதில் அவன் இல்லை. வேறொரு ஜோடி நின்றது. அவன் சிரிப்பு நின்றது. "இது எதுத்த வூட்டுப் பழனி. என் வூட்ல பழனிக்கு என்ன வேல?"

"இப்ப எப்படி இருக்குது?" என்று அஞ்சலை அவனைக் கேட்டார். அதற்குப் பிறகு அவர் அவன்மேல் குற்றம் சொல்லவில்லை.

ஆனால் இளைஞர் முகம் வெளுத்துவிட்டது. தெரு முழுக்கத் தப்பு என்றால் விழாவையே தள்ளிவைக்க வேண்டும் என்றார். அஞ்சலை குறுக்கிட்டார். "தள்ளி வச்சா மறுபடியும் கூட்டம் போடுவாங்க. கூட்டம் போட்டா மொத அடிக்கிறது எம் பேரத்தான்" என்றார். குமார் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

டீச்சருக்குப் போன் போட்டோம். முதலாளி படபடவென்று எல்லாவற்றையும் சொன்னார். டீச்சர் போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார்.

"அண்ணே, நேத்து என்ன அடிச்சாங்கன்னு தெரியுமா?"

"நீங்க சொன்னதத்தான் அடிச்சதா மொதலாளி சொல்றாரு."

"அது வேணாம். என்ன அடிச்சதா நெனக்கிறாருங்கிறது வேணாம். மேல் அம்புக்குறிய அமுக்கினா நேத்து அடிச்ச வரி வரும். அத எழுத்து எழுத்தாப் படிங்க."

படித்தேன். இடைவெளி இருந்த இடத்தில் இடைவெளி என்று சொன்னேன். கடைசியில் நட்சத்திரம் என்று சொன்னேன். அவர் பட்டியலில் எத்தனை பெயர், ஃபோல்டரில் எத்தனை படம் என்று கேட்டார். எண்ணிப் பார்த்தேன். படம் ஒன்று அதிகம். அப்போதுதான் மாமாவின் இரட்டைப் படத்தைப் பற்றி முதல் தடவையாக ஒருவரிடம் வாய் திறந்து சொன்னேன்.

டீச்சர் சிரித்தார். "இது தெரிஞ்சிருந்தா நட்சத்திரம் போடச் சொல்லியிருக்க மாட்டேண்ணே. படம் ஜாஸ்தியா இருந்தா ஓடாம நிக்கிற மாதிரியும் எழுதியிருப்பேன். ஜாஸ்தியா வந்தா கடைசில மிஞ்சற படத்தக் கண்டுக்காம வுட்டுடுற மாதிரி எழுதிட்டேன். தப்பு அங்கதான் இருக்கு."

பிற்பாடு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அதை மாற்றினார். பெயரும் படமும் ஒத்துவராவிட்டால் "படம் ஜாஸ்தி, பேர் கம்மி" என்று இங்கிலீஷ் எழுத்தில் தமிழாகச் சொல்லிவிட்டு நின்றுவிடும். ஒன்றுமே கொடுக்காமல் ஸ்க்ரிப்டின் பெயரை மட்டும் அடித்தால் எதை எந்த வரிசையில் கொடுக்க வேண்டும் என்று சொல்லும், வேறு எதையும் தொடாது. நீங்கள் எழுதும் ஸ்க்ரிப்ட் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக வேண்டுமானாலும் இருக்கட்டும். கைக்கு வந்த சாமான் சரியில்லை என்றால், தானாக ஒரு அர்த்தம் செய்துகொண்டு ஓடாமல், வாசலிலேயே நின்று கேட்கட்டும். 2012-ல் புது மெஷின் வரும்வரை டீச்சரின் ஸ்க்ரிப்டைத்தான் ஓட்டினோம். அது எத்தனையோ தடவை என்னை வாசலில் நிறுத்தியிருக்கிறது. ஒரு தடவைகூட எனக்குக் கோபம் வந்ததில்லை.

அன்றைக்கு வருவோம். இரட்டையில் ஒன்றை ஃபோல்டரை விட்டு வெளியே எடுத்துவிட்டு மறுபடியும் ஓட்டினேன். எண்ணிக்கை ஒத்துப்போனது. முதலாளி கையைத் தட்டினார். "அவ்ளோதான். பிரிண்டப் போடு."

நான் போனை இன்னும் வைக்கவில்லை. டீச்சர் சொல்லிக்கொண்டிருந்தார். "எண்ணிக்கை சரியா இருக்குன்னு நம்பாதீங்கண்ணே. எங்கியாவது ஒண்ணு கூடி, வேற எங்கியாவது ஒண்ணு கொறஞ்சிருந்தாலும் கணக்கு சரியாத்தான் வரும். நமக்கு அந்த ஊரு ஆளுங்களத் தெரியாது. தெரிஞ்சவுங்க யாராவது இருந்தா ஒக்கார வச்சிப் பாருங்க."

தெரிந்தவர்கள் இரண்டு பேர் எதிரிலேயே நின்றார்கள். காலையில் ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்ளாத குறையாக வந்தவர்கள். நேரம் போய்க்கொண்டிருந்தது. முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். பிரிண்ட், கட்டிங், லேமினேஷன், அதற்குப் பிறகு குப்பத்துக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தால் நேரம் போதுமா என்று எனக்கும் தெரியவில்லை. ஆனால் இரண்டாவது தடவையும் தப்பாகப் போனால் அதைச் சரிசெய்ய அன்றைக்கு நேரமே இருக்காது. முதலாளியிடம் கேட்கவில்லை. என் ஸ்டூலை அஞ்சலை பக்கம் தள்ளினேன். நான் நின்றுகொண்டேன்.

"பேரப் படிக்கிறேன். ஆள் அவுங்கதானான்னு சொல்லுங்க."

அஞ்சலை உட்கார்ந்தார். குமார் அவருக்குப் பின்னால் நின்று குனிந்து பார்த்தான். நான் ஒவ்வொரு கார்டாகத் திறந்தேன்.

"இவன்தான். இந்தச் சட்ட எனுது, படம் புடிக்கறதுக்கு வாங்கிட்டுப் போனான், இன்னும் வரல" என்றான் குமார்.

"அடுத்தது."

"இவதான். பாரு, எல்லா நகையும் போட்டுக்கிட்டு நிக்கிறா. சீட்டு கட்டக் காசில்லன்னு நேத்து எங்கிட்ட அழுதா" என்றார் அஞ்சலை.

பழனி வந்தான், பழனியாகவே. குமார் வந்தான். அடுத்து அஞ்சலை. பெயரும் முகமும் ஒன்றாக இருந்தன. அவர் தலையை மட்டும் ஆட்டினார். ஏழுமலை தன் பெண்டாட்டியோடு வந்தான். "அப்பாடி, உசுரு பொழச்சேன்" என்றார் அஞ்சலை.

இளைஞர் அவசரப்பட்டார். "அக்கா, உங்களுது சரியாயிடுச்சில்ல. மிச்சத்த அவுங்க பாத்துப்பாங்க."

"எனுது சரியாயிடுச்சு. மிச்சம் யாரு பாப்பாங்க? நீங்க பாப்பீங்களா? உங்களுக்கு எங்கள்ல எவன் யாருன்னு தெரியுமா?" என்று அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார்.

இன்னும் சில கார்டு போயிருக்கும். குமாரும் அஞ்சலையும் ஒரே நேரத்தில் "இல்ல" என்றார்கள்.

பெயர் சேகர். படம் சேகர் இல்லை. முந்தின கார்டில் பார்த்த ஜோடியே மறுபடியும் நின்றுகொண்டிருந்தது. மாமா அங்கே ஃப்ளாஷுக்குப் பேட்டரி மாற்றியிருக்க வேண்டும். அதுவும் அவருக்கு முதல் வெளிச்சம்தான், அதனால் அடுத்து வந்தவர்களை இரண்டு தடவை எடுத்திருக்கிறார். அப்படியென்றால் எண்ணிக்கை எப்படி ஒத்துப்போனது என்று இளைஞர் கேட்டார். அதற்கும் அஞ்சலைதான் பதில் சொன்னார். அன்றைக்கு ஒரு குடும்பம் படத்துக்கு வரவில்லை, சாவுக்கு மெட்ராஸ் போயிருந்தார்கள். பெயர் மட்டும் பட்டியலில் இருந்தது. கூடியது ஒன்று, குறைந்தது ஒன்று. டீச்சர் போனில் சொன்னது சொன்னபடி எங்கள் எதிரில் இருந்தது. முதலாளி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, தானே போய் எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டு வந்தார்.

எண்ணிக்கையும் பார்வையும் ஒன்றுக்கொன்று மாற்று இல்லை என்பதை அன்று கற்றுக்கொண்டேன். எண்ணிக்கை தப்பாக இருந்தால் வேலை தப்பு என்று நிச்சயமாகச் சொல்லலாம். எண்ணிக்கை சரியாக இருந்தால் ஒன்றும் சொல்ல முடியாது. நீங்கள் இப்போது ஆயிரக்கணக்கில் படம் ஓட்டுகிறீர்கள், எல்லா முகத்தையும் பார்க்க முடியாதுதான். ஆனால் அந்த முகங்களைத் தெரிந்தவர் யாரோ ஒருவர் எங்கேயோ இருப்பார். அவரைக் கூப்பிட்டு உட்கார வைக்கத் தயங்காதீர்கள்.

இரண்டாவது இரட்டையையும் எடுத்தேன். வராத குடும்பத்தின் பெயரைப் பட்டியலிலிருந்து தள்ளி வைத்தோம். அவர்களுக்குக் கைப்பட ஒரு சீட்டு எழுதித் தருவதாக இளைஞர் சொன்னார். நட்சத்திரம் போடாமல் ஒவ்வொரு எண்ணாக அடித்து ஓட்டினேன். மறுபடியும் முதலிலிருந்து கடைசிவரை பார்த்தோம். இந்தத் தடவை யாரும் இல்லை என்று சொல்லவில்லை.

பிரிண்ட் போடும் முன் ஒரு வேலை பாக்கி இருந்தது. மாமா தரையில் சாக்பீஸால் இரண்டு குறி போட்டுவைத்து, ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று நிற்க வைத்துத்தான் எல்லோரையும் எடுத்திருந்தார். அஞ்சலையும் பெண்ணுக்கான குறியில்தான் நின்றிருந்தார். படத்தில் ஒரு பாதியில் அவர். மறுபாதியில் பின்னால் கட்டியிருந்த நீலத் திரைச்சீலை மட்டும். இந்த மாதிரித் தனி ஆளுக்கென்று டீச்சர் ஸ்க்ரிப்டில் ஒரு வசதி வைத்திருந்தார். படத்தின் எண்ணுக்குப் பின்னால் சிங்கிள் என்று ஒரு சொல் சேர்த்தால் போதும். காலி இடத்தை வெட்டி, ஆளை நடுவில் கொண்டுவந்துவிடும். வடக்குத் தெருவில் இரண்டு மூன்று பேருக்கு நானே அப்படிச் செய்திருந்தேன். அவர்களை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் கேட்டேன்.

"இந்தப் பக்கம் காலியா இருக்கேம்மா. வெட்டிட்டு உங்கள நடுவுல வச்சிடவா? பாக்க லட்சணமா இருக்கும்."

அஞ்சலை திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வேணாங்க. ஒத்த ஆளுன்னு படத்த வெட்டினா, நாளைக்கி வூட்டையும் வெட்டச் சொல்லுவாங்க. முழுசாவே இருக்கட்டும்."

பின்னால் நின்ற குமார் டீ கிளாஸ்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

அந்தச் சொல்லைச் சேர்க்காமலேயே பிரிண்ட் கொடுத்தேன். அதற்குப் பிறகு லேபில் இருந்த வருஷங்களில், தனியாக நிற்பவர் படம் எதையும் கேட்காமல் நான் வெட்டியதில்லை. சிலர் வெட்டச் சொன்னார்கள், சிலர் வேண்டாம் என்றார்கள். காரணம் கேட்டதில்லை.

கார்டுகள் லேமினேஷன் மெஷினிலிருந்து சூடாக ஒவ்வொன்றாக வந்தன. கார்டுக் கட்டை இளைஞரிடம் கொடுத்து அனுப்பினோம். அஞ்சலை தன் கார்டை மட்டும் அந்தக் கட்டில் வைக்க விடவில்லை. முந்தானையால் பிடித்து ஊதிக்கொண்டே படி இறங்கினார்.

சாயங்காலம் இளைஞர் முதலாளிக்குப் போன் செய்தார். விழா நல்லபடியாக முடிந்தது, சாவி எல்லாம் கொடுத்தாகிவிட்டது என்றாராம். முதலாளி போனை வைக்கப் போனார். நான் எழுந்து போய்க் கையை நீட்டிப் போனை வாங்கினேன். அப்படி நான் செய்ததே இல்லை.

"எல்லாமும் குடுத்தாச்சா தம்பி?" என்று கேட்டேன்.

"அஞ்சலை அக்காவுக்குத்தாண்ணே மொத சாவி. மத்தவுங்க மேடைக்கு வரதுக்குள்ள வாங்கிட்டு, போயி கதவத் தொறந்துட்டாங்க."